எல்விஸோடு வாசித்த ஸ்கொட்டி மூரின் கிற்றார் ஒலியை எப்படி எடுப்பது?

உட்துறைமுகம்:
வணக்கம். திருகோணமலை உவர்மலையில் ஒரு சின்ன மண்டபத்தில் 1950களின் றொக் அன் றோல் பாட்டுகளோடு ஒரு மாலை நிகழ்ச்சி. பாடுகிறவரே மரக் கிற்றாரும் வாசிப்பார். பேஸுக்கு ஒருவர், மின் கிற்றாருக்கு நான். ட்ரம்ஸ் இல்லை. எல்விஸின் முதல் இசைத்தட்டுகளில் ஸ்கொட்டி மூர் வாசிக்கும் அந்த ஒலிதான் வேணும். என்னிடம் ஸ்ட்ராட் வகைக் கட்டைக் கிற்றார் (9–42 கம்பி, அதாவது மெல்லிய செற்), 20 வாட் அம்ப் (ஒலிபெருக்கி), வாசித்ததைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் டிஜிற்றல் டிலே பெடல் இருக்கின்றன. டிலேயை 300 மில்லி செக்கனில், நாலைந்து தரம் திரும்பி வர வைத்தால் எல்லாம் கஞ்சியாகிறது. என்ன மாற்ற வேணும்? அறிவிப்பாளர் சொல்ல அவரைப் பற்றிக் கொஞ்சம் விபரமும் தேவை. எல்விஸை விட்டு ஏன் விலகினார் என்பதில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

மூன்றாங்கம்பி:
தம்பி, எந்த வருடத்து ஸ்கொட்டி வேணும் என்று முதலில் முடிவெடுங்கள். 1954க்கும் 1957க்கும் இடையில் அவருடைய ஒலி மூன்று விதமாக இருந்திருக்கிறது. இணையத்தில் பலர் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி ‘எல்விஸ் கிற்றார்’ என்று விற்கிறார்கள்.

1954 ஜூலை 5ஆம் திகதி, மெம்பிஸ், யூனியன் அவெனியூ 706ஆம் இலக்கத்தில் சன் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய சாம் பிலிப்ஸின் பதிவறையில் ‘தட்ஸ் ஓல் ரைட்’ பதிவானபோது ஸ்கொட்டி கையில் இருந்தது 1953இல் வாங்கிய தங்க நிற கிப்சன் ஈ.எஸ். 295. உள்ளே குடைந்த உடல், கம்பியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப் இரண்டு, பி-90 வகை. அம்ப் ஒரு பெண்டர் டீலக்ஸ். அந்த அம்புக்குள் எதிரொலி என்று எதுவும் கிடையாது. சன் தட்டுகளில் கேட்கிற எதிரொலியை சாம் பிலிப்ஸ் இரண்டாவது ரேப் இயந்திரம் ஒன்றால் சேர்த்தார். ஆகவே குரலும் அதற்குள் நனைந்துதான் இருக்கும். கிற்றாருக்கு மட்டும் டிலே போட்டுக் குரலை உலர விட்டால் எவ்வளவு திருகினாலும் அந்தத் தட்டு வராது.

1955 நடுவில் கிப்சன் எல்-5க்கு மாறினார். அதே காலத்தில் எக்கோசொனிக் அம்பும் வந்தது. இலினோய் மாநிலத்து கெய்ரோ என்ற ஊரில் ரே பட்ஸ் கையால் செய்த அம்ப் அது. ரேப் எதிரொலி அம்புக்குள்ளேயே இருந்தது. கிற்றார் கலைஞர் செற் அற்கின்ஸிடம் ஒன்று இருந்ததால்தான் ஸ்கொட்டிக்கும் அது வேணும் என்றாகியது. ‘மிஸ்டரி ட்ரெயின்’ கேளுங்கள், வித்தியாசம் உடனே பிடிபடும். இதற்குப் பிறகு எதிரொலி கிற்றாரோடு மேடைக்கும் போனது.

1956இலிருந்து, சன்னை விட்டு ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்குப் பதிவு செய்த காலம். ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ நாஷ்வில்லில் பதிவானது. சன் எதிரொலியைப் பிடிக்க முடியாமல் கட்டடத்தின் நடைபாதையை எதிரொலி அறையாக்கினார்கள். மண்டப நிகழ்ச்சிக்கு அதைத் தேடிப் போகாதீர்கள், மண்டபமே தேவைக்கு மேல் முழங்கும்.

உங்களுக்கு ட்ரம்ஸ் இல்லையென்றால் 1954தான் பொருத்தம். டி.ஜே. பொன்ரானா ட்ரம்ஸோடு சேர்ந்தது 1955இல். அதுவரை எல்விஸின் மரக் கிற்றார், பில் பிளாக்கின் நின்றபடி வாசிக்கும் பெரிய பேஸ், ஸ்கொட்டி, அவ்வளவுதான்.

இனி வலக்கை. உண்மையான வேலை இங்கேதான், பெடலை விட இது முக்கியம். பெருவிரலில் மாட்டும் பிக் ஒன்று வாங்குங்கள். மேர்ல் ட்ராவிஸ், செற் அற்கின்ஸ் வழி வந்த கை அது. ஈ கோர்ட்டைப் பிடித்து, பெருவிரலால் நாலு அடிக்கும் 6, 4, 6, 4 என்று கம்பிகளை மாற்றி மாற்றி அடியுங்கள். ஏ கோர்ட்டில் 5, 4, 6, 4. உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜின் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) மேல் லேசாகப் படிந்து, இந்தப் பேஸ் கம்பிகளை மட்டும் அமத்த வேணும். மேல் மூன்று கம்பிகள் திறந்து ஒலிக்க வேணும். கை அரை அங்குலம் முன்னே போனால் எல்லாமே செத்துவிடும், பின்னே போனால் பேஸ் குமுறும். நிமிடத்துக்கு 70 அடியில் பெருவிரல் தனியாக, நினைக்காமலே ஓடும் வரை சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்க்க வேண்டாம். சேர்க்கும்போது மேல் கம்பிகளை இரண்டாம், நாலாம் அடிகளுக்குப் பின்னால் வரும் அரை அடியில் கிள்ளுங்கள்.

நம்மூர் கிற்றார்காரர் பலருக்கு ஒரு பழக்கம், பைலா ஆட்டப் பாட்டில் ஊறிய வலக்கை தன்னறியாமல் ஆறெட்டுத் தாளத்துக்குப் போய்விடும். ஆட்டம் நன்றாக வரும், ஆனால் பாட்டு மெம்பிஸை விட்டு நீர்கொழும்புக்கு வந்துவிடும். காலால் நாலு அடியைத் தட்டிக்கொண்டே பழகுங்கள்.

ரேப்_சுற்று:
டிலே கணக்கு: ரேப் செக்கனுக்கு 15 அங்குலம் ஓடுகிறது. பதியும் தலைக்கும் வாசிக்கும் தலைக்கும் இடையில் கிட்டத்தட்ட 2 அங்குலம். 2ஐ 15ஆல் பிரித்தால் 0.133 செக்கன். பெடலை 130–135 மில்லி செக்கனில் வையுங்கள். திரும்பி வருவது ஒரே ஒரு தரம், அதாவது ஃபீட்பேக் திருகி பூச்சியத்தில். கலவை மூன்றில் ஒரு பங்கு போதும். டோன் திருகி இருந்தால் எதிரொலியின் கூர்மையைக் குறையுங்கள், ரேப்பில் திரும்பி வருவது மூலத்தை விட மங்கல்தான். உங்கள் 300இல் இரண்டாவது சுரம் வாசித்த பிறகுதான் முதலாவது திரும்புகிறது. கஞ்சி அதனால்தான்.

பாட்டின் வேகத்துக்கு ஏற்றபடி டிலேயை மாற்றத் தேவையில்லை. தலைகள் நகராது, அவர்களும் மாற்றவில்லை. நிமிடத்துக்கு 150 அடியில் 133 மில்லி செக்கன் சரியாக அடியின் மூன்றில் ஒன்றில் விழும், 225இல் அரை அடியில். நடுவிலுள்ள வேகங்களில் கொஞ்சம் தள்ளி விழுந்து ஒரு பதற்றம் கொடுக்கும். அந்தப் பதற்றமும் ஒலியின் பகுதிதான்.

குரலுக்கும் இதே அளவு டிலே, கலவை மட்டும் குறைவாக.

உட்துறைமுகம்:
நன்றி அண்ணா. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ரேப் எக்கோ மெசின் ஒன்றை ஒருவர் தர இருக்கிறார். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் போட்டால் ஓடுமா?

ரேப்_சுற்று:
ஓடும், மெதுவாக. ட்ரான்ஸ்போமர் நம் 230 வோல்ட்டைக் குறைக்கும், 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. மின்சாரத்தின் அலைவை வைத்துச் சுழலும் மோட்டராக இருந்தால் வேகம் ஆறில் ஐந்தாகும், 133 மில்லி செக்கன் 160 ஆகும். சுருதி மாறாது, பதிவதும் வாசிப்பதும் ஒரே வேகம்தானே. 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்த மின்மாற்றி உள்ளே இருந்தால் கூடுதலாகச் சூடேறும். அரை மணித்தியாலம் ஓட விட்டுத் தொட்டுப் பாருங்கள். இந்த நிகழ்ச்சிக்கு பெடலே போதும்.

இதை விட முக்கியமானது எர்த். மண்டபத்து பிளக்கில் எர்த் இல்லாவிட்டால், கம்பியில் கை இருக்க உதடு மைக்கில் பட்டதும் அடிக்கும். பாடுகிறவர் பக்கத்தில் நிற்கப்போகிறார், அவருக்கும் சொல்லி வையுங்கள். மல்டிமீற்றரை ஏ.சி.யில் வைத்து கம்பிக்கும் மைக் வலைக்கும் இடையில் அளந்து பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிங் பார்ப்பவரைக் கூப்பிடாமல் தொட வேண்டாம். இரைச்சலைக் குறைக்க எர்த் வயரை வெட்டச் சொல்பவர் சொல்வதைக் கேட்கவே வேண்டாம்.

கடலோரக்_கட்டை:
கம்பியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. 9–42 இந்த ஒலிக்கு ஆகாது. அந்தக் காலத்துக் கம்பி தடிப்பு, மூன்றாம் கம்பியும் சுற்றுக் கம்பி. சுற்றுக் கம்பியை இலேசில் வளைக்க முடியாது, அதனால்தான் ஸ்கொட்டி வளைப்பதை விட வழுக்கிப் போவதும் இரண்டு கம்பியைச் சேர்த்துக் கிள்ளுவதும் அதிகம். 11–49 செற்றில் சுற்றிய மூன்றாம் கம்பி உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

சும்மா மாட்டினால் மூன்று இடத்தில் இடிக்கும். கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட் பள்ளம் ஒடுக்கமாக இருந்து கம்பி சிக்கும், ரியூன் பண்ணும்போது ‘டிக்’ என்று சத்தம் வரும், அதை மெல்லிய அரத்தால் அகலப்படுத்த வேணும், ஆழப்படுத்தக் கூடாது. ஸ்ட்ராட் பிரிட்ஜ் முன்னால் தூக்கும், பின்பக்க மூடியைக் கழற்றி ஸ்பிரிங் திருகாணி இரண்டையும் சமமாக இறுக்குங்கள், போதாவிட்டால் ஒரு ஸ்பிரிங் கூட்டுங்கள். கழுத்தும் வளையும், கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியான ட்ரஸ் றொட்டைக் கால் சுற்று இறுக்கி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஏழாம் பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) கால் மில்லிமீற்றர் இடைவெளி நல்லது.

திருகோணமலையில் இந்தச் செற்றிங் வருடம் முழுக்க நிற்காது. வாடைக் காலத்து ஈரத்தில் மரம் ஊதி கம்பி உயரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் காய்ந்து கம்பி தாழ்ந்து பிரெட்டில் உரசும். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன் பார்த்தால் போதும், இரண்டு மாதம் முன் பார்த்துப் பயனில்லை. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிப்பது வேறு, வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிக்கு அடிப்பக்கமும் துடைத்துப் பெட்டியில் பூட்டுங்கள். சிலிக்கா ஜெல் பை ஒன்றும் போட்டு வையுங்கள்.

பிக்கப் சுவிட்சைக் கழுத்துப் பக்கம் வைத்து, டோனைக் கொஞ்சம் குறைத்து, அம்பை உடையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் நிறுத்துங்கள்.

மூன்றாங்கம்பி:
அறிவிப்பாளருக்கு: வின்பீல்ட் ஸ்கொட் மூர், 1931 டிசம்பர் 27, ரெனசி மாநிலத்து காட்ஸ்டன் அருகே பிறந்தார். அமெரிக்கக் கடற்படையில் இருந்து 1952இல் வெளியே வந்தார். எல்விஸின் முதல் மனேஜர் இவர்தான், அதைச் சொல்ல மறக்க வேண்டாம். ஆரம்பத்தில் வருமானம் எல்விஸுக்கு 50, ஸ்கொட்டிக்கும் பில்லுக்கும் 25 வீதமாகப் பங்கு. பிறகு அது சம்பளமானது: சுற்றுப்பயண வாரத்துக்கு 200 டொலர், மற்ற வாரத்துக்கு 100. தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்கும்போதும் அதேதான். 1957 செப்டெம்பரில் இருவரும் விலகினார்கள். சண்டை, பொறாமை என்று கதை கட்டத் தேவையில்லை, காசுதான் காரணம். ஸ்கொட்டி பிறகு நாட்கூலிக்குத் திரும்பி வாசித்தார்.

1964இல் தனி அல்பம் வெளியிட்டார், அதன் பின் சாம் பிலிப்ஸ் ஸ்ரூடியோ வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். 1968 தொலைக்காட்சி நிகழ்ச்சிதான் எல்விஸோடு கடைசி. அதற்குப் பிறகு நாஷ்வில்லில் ஒலிப்பதிவாளர். 1970இல் ரிங்கோ ஸ்ராரின் கன்ட்ரி இசை அல்பத்தைப் பதிவு செய்தவர் இவர்தான். 2000இல் றொக் அன் றோல் ஹோல் ஒஃப் ஃபேமில், பக்கவாத்தியக்காரர்களுக்கான பிரிவில் சேர்த்தார்கள். 2016 ஜூன் 28இல் நாஷ்வில்லில் காலமானார்.

உட்துறைமுகம்:
பெரிய பேஸ் கிடைக்காது, மின் பேஸ்தான். அந்த ‘டக் டக்’ சத்தத்துக்கு?

கடலோரக்_கட்டை:
பில் பிளாக் கம்பியை இழுத்து விரற்பலகையில் அடிக்க விட்டுத்தான் அந்தச் சத்தம் வந்தது. மின் பேஸில் பிரிட்ஜுக்கு முன், கம்பிக்குக் கீழே ஒரு துண்டு ஸ்பொஞ்ச் செருகுங்கள், இரண்டு சென்ரிமீற்றர் அகலம் போதும். சுரம் குறுகி ‘டும்’ என்று நிற்கும். ‘டக்’குக்குப் பாடுகிறவரின் மரக் கிற்றார் இரண்டாம், நாலாம் அடிகளை வெட்டி அடிக்க வேணும். அவர் கிற்றாருக்குத் தனி மைக் வையுங்கள், ட்ரம்ஸ் இல்லாத இடத்தில் அதுதான் ட்ரம்ஸ்.