மெசேஜுக்கும் ஜாபுக்கும் ஒரே புரோட்டோகால் எழுதுனேன், ஒரே வேலை ரெண்டு தடவ ஓடுது, உதவுங்க

காரைக்குடியில ஒரு பலகாரக் கடைக்கு சாஃப்ட்வேர் பாத்துக்கிறேன். கஸ்டமருக்குப் போற மெசேஜெல்லாம் ராபிட்எம்க்யூ, பார்சல் லேபிள் அடிக்கிற ஜாபெல்லாம் பீன்ஸ்டாக்டி. ரெண்டும் வர்றத கியூவுல, அதாவது வரிசையில, வச்சு ஒவ்வொண்ணா குடுக்குற சாஃப்ட்வேர். ரெண்டயும் மேய்க்க முடியாம நானே டிசிபி (நெட்வொர்க் கனெக்சன்) மேல பொதுவா ஒரு புரோட்டோகால், அதாவது புரோகிராமுங்க பேசிக்கிற முறை, எழுதுனேன், கமாண்டு மூணே மூணு: போடு, எடு, முடிஞ்சுது. 60 செகண்டுல முடிஞ்சுது வரலேன்னா சர்வர் அத வேற ஒர்க்கருக்கு (வேலைய எடுத்துச் செய்யிற புரோகிராம்) குடுத்துரும். தீவாளி நெருக்கடியில லேபிள் அடிக்க ஒன்றரை நிமிசம் ஆயி, ஒரே ஆர்டருக்கு ரெண்டு மனகோலப் பார்சல் போயிருச்சு. கடைக்கார ஆச்சி திட்டல, சிரிச்சாக, அதுதான் ரொம்ப வலிச்சுச்சு. டைம 10 நிமிசம் ஆக்கிட்டா சரியாயிருமா?

தேவகோட்டை அண்ணன்:
ஆகாது தம்பி. ஒர்க்கர் தொங்கிப் போனா ஆர்டர் 10 நிமிசம் சும்மா கெடக்கும். பீன்ஸ்டாக்டில டச்னு ஒரு கமாண்டு இருக்குல்ல, "இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்"னு ஒர்க்கர் சொல்லச்சொல்ல கெடு திரும்ப மொதல்லேருந்து ஓடும். திரும்பத் திரும்ப தோக்குற ஜாப ஒதுக்கி வைக்க பரி, திரும்ப எழுப்ப கிக். நீ இதெல்லாத்தையும் விட்டுட்டு எடுக்குறதும் அழிக்கிறதும் மட்டும் எடுத்துக்கிட்ட. மெசேஜு கைக்கு வந்தா கத முடிஞ்சுது, ஜாபு அப்பத்தான் ஆரம்பிக்குது.

பள்ளத்தூர்:
சொந்தமா எதுக்குங்க? ஏஎம்க்யூபின்னு மெசேஜ் அனுப்ப ஒரு பொதுப் புரோட்டோகால் இருக்கே, 2003ல ஜேபி மார்கன்ல ஆரம்பிச்சது, 1.0 வந்து 2014ல ஐஎஸ்ஓ தரமாவே ஆயிருச்சு. ஆனா ஒண்ணு, ராபிட்ல எல்லாரும் பழகுன 0-9-1 வெர்சன் வேற, 1.0 வேற, பேருதான் ஒண்ணு. பொதுவா இருக்கட்டும்னு செஞ்சதே ரெண்டா நிக்குது பாருங்க.

கேட்டவன்:
அண்ணே டச் போட்டுட்டேன், 20 செகண்டுக்கு ஒருக்கா. பிரிண்ட் ஓடும்போது ஒர்க்கர் பிளாக் ஆயிருதுன்னு தனி த்ரெட்ல (அதே புரோகிராமுக்குள்ள பக்கத்துல தனியா ஓடுறது) வச்சிருக்கேன். கனெக்சன் அந்துபோனா?

தேவகோட்டை அண்ணன்:
அந்தா ஜாப உடனே கியூவுக்குத் திருப்பிரு, பீன்ஸ்டாக்டி ராபிட் ரெண்டும் அப்படித்தான் பண்ணுது. தனி த்ரெட்டுல ஒரு வம்பு இருக்கு, பிரிண்டர் தொங்குனாலும் அது பாட்டுக்கு டச் அடிச்சுக்கிட்டே கெடக்கும், அதனால இத்தன தடவதான்னு ஒரு வரம்பு வையி. இன்னொண்ணு, லேபிள் அடிச்சு முடிச்சு "முடிஞ்சுது" போறதுக்குள்ள லைன் போச்சுன்னா எந்தப் புரோட்டோகாலும் காப்பாத்தாது, ரெண்டாவது தடவ ஓடத்தான் செய்யும். ஆர்டர் நம்பர டேட்டாபேஸ் டேபிள்ல யூனிக் ஆக்கி (ஒரே நம்பர் ரெண்டு தடவ ஏறாதபடி), அடிக்கிறதுக்கு முன்னாடி அதுல பதிஞ்சிரு.

கேட்டவன்:
பதிஞ்சதும் அடிக்கிறதுக்குள்ள கரண்டு போனா லேபிளே வராதேண்ணே?

தேவகோட்டை அண்ணன்:
வராதுதான். அத பரில ஒதுக்கி ஆளு பாக்கட்டும். ரெண்டு பார்சல் போறதா, ஒரு லேபிள கையால அடிக்கிறதா, எது தேவலன்னு ஆச்சிட்ட கேளு.