ஏழு மாசம் பெயின்ட் அடிச்சது, ஒரு சாயங்காலம் பாழாச்சு – உங்க கதையும் சொல்லுங்க

எல்லாரும் முடிச்ச மினியோட (மேஜை மேல வச்சு ஆடுற போர் ஆட்டத்துக்கான குட்டிப் பொம்மை) போட்டோவ மட்டும் தான் காட்டுறோம், பாழாப் போனத எல்லாம் டப்பாக்குள்ள போட்டு மூடிடுறோம். முதல்ல நானே மானத்த விட்டு ஆரம்பிக்கிறேன்.

28 மி.மீ. சைஸ்ல காலாட்படை, மொத்தம் 40 பேரு. தினம் ராத்திரி வீட்டுல எல்லாரும் தூங்கினப்புறம் ஒரு மணி நேரம்னு உக்காந்து ஏழு மாசம் ஆச்சு. கண்ணு முழி வைக்கிறதுக்கு மட்டும் நான் பட்ட பாடு இருக்கே, முதல் பத்து பேரும் மாறுகண்ணு, அப்புறம் தான் புரிஞ்சது முழிய புள்ளியா வைக்கவே கூடாது, மேல இருந்து கீழ ஒரு மெல்லிசான கோடா இழுத்துட்டு மேலயும் கீழயும் வழிஞ்சத தோல் கலர்ல மூடிடணும்னு. கடைசியா பாக்கி இருந்தது மேட் வார்னிஷ் ஸ்ப்ரே மட்டும் தான். மறுநாள் காலையில ஆட்டம். வெளிய நசநசன்னு தூறல். ஸ்ப்ரே டின்ல தெளிவா போட்டிருக்கு, ஈரமான நாள்ல அடிக்காதேன்னு. படிச்சேன். படிச்சிட்டும் அடிச்சேன்.

அடிச்ச உடனே நல்லா தான் இருந்துச்சு. கை கழுவிட்டு வந்து பாக்குறேன், மொத்தப் படையும் சுண்ணாம்புத் தண்ணில முக்கி எடுத்த மாதிரி வெள்ளையா நிக்குது. மேட் வார்னிஷ்ல பளபளப்ப குறைக்கிறதுக்குன்னே ரொம்ப நைசான தூள் ஒண்ணு கலந்திருக்கும், டின்ன சரியா குலுக்கலைன்னாலோ காத்துல ஈரம் இருந்தாலோ தடிமனா அடிச்சிட்டாலோ பூச்சு இப்படி பூத்துப் போயிடும். நான் மூணையும் பண்ணிருந்தேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல. எல்லாத்தையும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல போட்டு உரிச்சிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கலாமான்னு கூட யோசிச்சேன். கூட ஆடுற நண்பன் ஒருத்தன் தான், அவசரப்படாதடா, அது மேலயே க்ளாஸ் வார்னிஷ (மேட்டுக்கு நேர் எதிர், பளபளன்னு காயும்) பிரஷ்ல தடவிப் பாருன்னான். போனது போச்சுன்னு ஒருத்தன எடுத்து தடவினா, வெள்ளை கண்ணு முன்னாடியே மறைஞ்சு அடியில இருந்த சிவப்பு மேல வந்துச்சு பாருங்க, எனக்கு உக்காந்த இடத்துலயே அழுகை வந்துடுச்சு. காஞ்சப்புறம் 40 பேரும் எண்ணெய் தேச்சுக்கிட்ட மாதிரி மின்னினாங்க, அது வேற விஷயம். நல்லா வெயில் அடிச்ச ஒரு நாள் பாத்து, முதல்ல ஒரு உடைஞ்ச மினி மேல அடிச்சுப் பாத்துட்டு, அப்புறம் மெல்லிசா ரெண்டு கோட் மேட் அடிச்சேன்.

நீங்க சொல்லுங்க. பெருமை வேண்டாம், பாழானது மட்டும்.

---

வார்னிஷ் கதை எனக்கும் உண்டு ஆனா நான் பண்ண பெரிய பாவம் காந்தம்.

ஃபோம்ல வச்சு எடுத்து வச்சு எடுத்து ஈட்டி முனை, வாள் நுனி, மூக்கு எல்லாம் பெயின்ட் தேய்ஞ்சு பிளாஸ்டிக் தெரிய ஆரம்பிச்சுது. சரி ஒவ்வொரு பேஸுக்கு (மினி நிக்கிற தட்டு) அடியிலயும் 5 மி.மீ. அகலம் 1 மி.மீ. கனத்துல நியோடிமியம் காந்தத்த ஒட்டி, இரும்புத் தகடு போட்ட பெட்டில நிக்க வச்சிடலாம்னு உக்காந்தேன். காந்தம் பேஸோட விளிம்புக்கு சமமா வரணும். நான் அரை மி.மீ. உள்ள தள்ளி ஒட்டிட்டேன். அரை மி.மீ. தானேன்னு தோணும், ஆனா காந்தத்துக்கும் தகடுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி வந்தாலே பிடி அப்படியே சரிஞ்சிடும். பிளாஸ்டிக் பசங்க லேசு, தாங்கிக்கிட்டாங்க. மெட்டல்ல வார்த்த குதிரைவீரன் ஒருத்தன் இருந்தான், கை எடுத்து வச்சா கனம் தெரியும், அவன் மாடிப்படி இறங்குறப்ப கழண்டு போற வழியில ஒவ்வொருத்தனையா இடிச்சுத் தள்ளிட்டு அடித்தட்டுல போய் உக்காந்துட்டான். திறந்து பாத்தா எதிரி செய்ய வேண்டிய வேலைய என் தளபதியே செஞ்சு முடிச்சிட்டான்.

அதோட விடல. ஆயுதத்த மாத்தி மாத்தி போடுறதுக்கு தோள்ல 3 மி.மீ. காந்தம் வச்சேன், எட்டு உடம்பு, இருபத்துநாலு கை. எல்லாம் ஒட்டி காஞ்சப்புறம் மாட்டிப் பாத்தா பதினோரு கை ஒட்டவே மாட்டேங்குது, கிட்ட கொண்டுபோனா முகத்த திருப்பிக்குது. துருவத்த சரிபாக்காம ஒட்டிட்டேன். சூப்பர் க்ளூல ஒட்டினத தோண்டி எடுக்க மறுபடியும் கைத்துளையிய எடுத்தேன், ரெண்டு தோள் பிஞ்சே போச்சு. இப்ப ஒரு குச்சி முனையில ஒரு காந்தத்த ஒட்டி வச்சிருக்கேன், உடம்புக்குப் போற எல்லா காந்தத்தையும் அந்த ஒரே குச்சியால தான் எடுத்து வைப்பேன், கைக்குப் போறதுக்கு மறு பக்கம் உள்ள இன்னொரு குச்சி. தப்பு பண்ணணும்னு நினைச்சா கூட முடியாது.

வீட்டுல சின்னக் குழந்தை இருக்கிறவங்க இந்தக் காந்தத்த மேஜை மேல விட்டுட்டுப் போகாதீங்க. ரெண்ட முழுங்கினா குடல் சதைய நடுவுல வச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ஆபரேஷன் வரைக்கும் போயிடும். இதுல விளையாட்டு இல்ல.

---

எனக்கு ஒரே கதை தான், சின்னது. நகத்துல பாதி சைஸ் கூட இல்லாத ஒரு கை, கார்ப்பெட்ல விழுந்துடுச்சு. முட்டி போட்டு ஒன்றரை மணி நேரம். அப்புறம் வாக்யூம் கிளீனர் மூக்குல பழைய மெல்லிசான காலுறைய மாட்டி இழுத்தேன், காலுறைல வந்து ஒட்டுச்சு. கூடவே போன வருஷம் தொலைஞ்ச ரெண்டு தலையும் வந்துச்சு. அதுக்குள்ள அவனுங்களுக்கு வேற தலை வச்சு பெயின்ட் அடிச்சாச்சு.

---

மேல எழுதினவங்களோடதெல்லாம் அவங்கவங்க கையால பண்ணது. என்னோடது நான் தொடவே இல்ல, அப்படியும் கெட்டுச்சு.

மாமா ஒருத்தர் 1980கள்ல சேத்த மெட்டல் மினிங்கள எனக்குக் குடுத்தாரு. அந்தக் காலத்து மினில ஈயம் கலந்திருக்கும், 1990கள்ல தான் பெரிய கம்பெனிங்க ஈயம் இல்லாத கலவைக்கு மாறினாங்க. எனக்கு அதெல்லாம் அப்ப தெரியாது. அருமையான பொருளாச்சே, பிளாஸ்டிக் டப்பால வைக்க மனசு வரல, கண்ணாடிக் கதவு போட்ட நல்ல ஓக் மர அலமாரி ஒண்ணு வாங்கி காத்து தூசி புகாம மூடி அடுக்கினேன். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஒருத்தன எடுக்குறேன், கால்ல வெள்ளையா பவுடர் மாதிரி. தூசின்னு நினைச்சு வாயால ஊதினேன். ஊதியிருக்கவே கூடாது.

விசாரிச்சா தான் விஷயம் தெரியுது. மரத்துல இருந்து, அதுலயும் ஓக் மரத்துல இருந்தும் மரத்தூள அழுத்திப் பண்ற பலகைல இருந்தும், அசெட்டிக் ஆசிட் ஆவி கொஞ்சம் கொஞ்சமா வந்துக்கிட்டே இருக்கும், மூக்குக்குக் கூட தெரியாது. மூடின அலமாரிக்குள்ள அது போக வழியில்லாம ஈயத்த அரிக்க ஆரம்பிச்சிடும், அந்த வெள்ளைப் பொடி ஈயத்தோட கார்பனேட். நச்சு. பெயின்ட் அடிச்ச மினிங்க பெரும்பாலும் தப்பிச்சுது, ஆனா பெயின்ட் பேந்த இடத்துலயும் பேஸ் அடியிலயும் உள்ள புகுந்து தின்னிருக்கு. பெயின்ட் அடிக்காம வெறும் மெட்டலா வச்சிருந்த அஞ்சாறு பேருக்கு முகமே இல்ல. மாமாகிட்ட இன்னும் சொல்லல.

மிச்சத்த கையுறை போட்டு, தண்ணில நனைச்சே கழுவி (காஞ்ச பிரஷ்ல தேய்க்காதீங்க, பொடி பறக்கும்) ப்ரைமர் அடிச்சு இரும்பு அலமாரிக்கு மாத்திட்டேன். அந்த ஓக் அலமாரில இப்ப துணி வச்சிருக்கோம். ரொம்ப அழகான அலமாரி.

---

ஈயக் கதைய படிச்சதும் எழுந்து போய் என் அலமாரிய மோந்து பாத்துட்டு வந்தேன். எனக்கு நடந்தது 3டி பிரிண்ட் ரெசின், அதாவது புற ஊதா வெளிச்சம் பட்டா இறுகுற திரவம்.

பெரிய டிராகன், ரெசின் மிச்சம் பண்ணலாம்னு உள்ள கூடா வச்சு பிரிண்ட் பண்ணேன். உள்ள இருக்கிற திரவம் வெளிய வரணும்னா ஓட்டை வைக்கணும், ஒரு ஓட்டை வச்சேன், அதுவும் வயித்துல யாருக்கும் தெரியாத இடத்துல. ஒரு ஓட்டை பத்தாது, காத்து உள்ள போக ஒண்ணு ரெசின் வெளிய வர ஒண்ணுன்னு ரெண்டாவது வேணும். வெளிப்பக்கம் ஆல்கஹால்ல நல்லா அலசி புற ஊதா விளக்குல காய வச்சு, ஓட்டைய புட்டி வச்சு அடைச்சு, மூணு வாரம் செதில் செதிலா பெயின்ட். என் வாழ்க்கையில நான் அடிச்சதுலயே நல்லது அது தான், சத்தியமா.

ஆறு மாசம் ஷெல்ஃப்ல இருந்துச்சு. ஒரு நாள் காலையில பாத்தா கழுத்துல இருந்து வால் வரைக்கும் ஒரு விரிசல், விரிசல்ல இருந்து தேன் மாதிரி ஏதோ கசிஞ்சு ஷெல்ஃப்ல குளம் கட்டி நிக்குது. உள்ள இறுகாம நின்ன ரெசின் மாசக்கணக்கா சுவரை ஊற வச்சு உள்ள இருந்தே பிளந்திருக்கு. அது பட்ட இடத்துல பெயின்டும் தோலா உரிஞ்சு வந்துச்சு. பதட்டத்துல வெறும் கையால துடைச்சேன், ரெண்டு நாள் விரல் இடுக்கு எல்லாம் சிவந்து அரிப்பு. இறுகாத ரெசின தொடுறதுக்கு கையுறை கட்டாயம்னு எனக்குத் தெரியும், பெயின்ட் அடிச்ச பொருளுக்குள்ள அது இருக்கும்னு தான் தெரியல.

இப்ப ரெண்டு ஓட்டை, சிரிஞ்ச்ல ஆல்கஹால் விட்டு உள்ள அலசுறது, அப்புறம் சின்ன எல்இடி புற ஊதா பல்ப ஓட்டைக்குள்ள விட்டு உள்ளயும் இறுக வைக்கிறது. சின்ன மினின்னா கூடே வேண்டாம், கெட்டியாவே பிரிண்ட் பண்ணிடுறேன். மிச்சம் பண்ண நினைச்ச ரெசின் எவ்வளவுன்னு கணக்கு பாத்தேன். சொல்ல வெக்கமா இருக்கு.

---

பறக்கிற வண்டி ஒண்ணு, காக்பிட்டுக்கு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். உள்ள பைலட், டயல் டயலா மீட்டர், எல்லாம் நல்லா அடிச்சு முடிச்சு சூப்பர் க்ளூல கண்ணாடிய ஒட்டி மூடினேன். காலையில கண்ணாடி உள்பக்கம் பனி படிஞ்ச மாதிரி மங்கல், அதுக்கு நடுவுல அச்சு பிசகாம என் கட்டைவிரல் ரேகை. சூப்பர் க்ளூ ஆவி விரல் எண்ணெய் பட்ட இடமா பாத்து வெள்ளையா படியும், தடயவியல்காரங்க கைரேகை எடுக்கிறதே இந்த வித்தையில தான். குற்றவாளி யாருன்னு சந்தேகமே இல்ல. கண்ணாடிக்கு வெள்ளைப் பசை தான் சரி, காஞ்சா தெளிவா ஆயிடும், ஆவியும் இல்ல.

இன்னொண்ணு, ஐசோப்ரோப்பைல்னு மேல ஒருத்தர் எழுதியிருக்காரு, சரியா தான் எழுதியிருக்காரு. நான் அது கிடைக்கலன்னு அசெட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர்ல அஞ்சு பிளாஸ்டிக் மினிய போட்டேன். பெயின்ட் போச்சு. மினியும் போச்சு. டப்பா அடியில மெல்லுற சூயிங்கம் மாதிரி ஒரு உருண்டை, அதுல ஒரு ஹெல்மெட் மட்டும் எட்டிப் பாக்குது. மெட்டலுக்கு அசெட்டோன் ஒண்ணும் பண்ணாது, பிளாஸ்டிக், ரெசின் பக்கம் கொண்டு போகவே கூடாது.

---

கார் கதை யாரும் சொல்லலையா? படைய பெட்டியோட கார்ல விட்டுட்டு மதியம் பூரா வேற வேலையா போயிட்டேன், நல்ல வெயில். ஸ்ப்ரூல (பாகங்க ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டம்) இருந்து வெட்டி ஒட்டின பிளாஸ்டிக் மினிங்களுக்கு ஒண்ணும் ஆகல, பாலிஸ்டைரின் தளர 100 டிகிரி கிட்ட வேணும். ஆனா பிஎல்ஏங்கிற பிளாஸ்டிக் இழைல 3டி பிரிண்ட் பண்ண கோட்டைச் சுவர் 60 டிகிரிலயே இளகிடும், பெட்டிய திறந்தா நடுவுல தொப்பை போட்டு உக்காந்திருக்கு. ரெசின் ஈட்டிங்க எல்லாம் தலை குனிஞ்சு நிக்குது, மொத்தப் பிரிவும் சரணடைஞ்ச மாதிரி. ஈட்டிய மட்டும் காப்பாத்திட்டேன், சுடுதண்ணில கொஞ்ச நேரம் காட்டி நிமித்தி அப்படியே பச்சத் தண்ணில பிடிச்சா நேரா நின்னுடும். சுவர அப்படியே விட்டுட்டேன். முற்றுகைல அடி வாங்கின சுவர்னு சொல்லி ஆடிக்கிட்டிருக்கேன்.

---

முதல்ல எழுதினவன் தான். டிராகன் கதைய ரெண்டு தடவ படிச்சேன், மனசு கஷ்டமா போச்சு. அந்த நண்பர் மறுபடி பிரிண்ட் பண்ணி அடிச்சாரா?

நான் ஒண்ண சொல்லாம விட்டுட்டேன். அந்த 40 பேர்ல ஒருத்தனுக்கு மட்டும் எத்தனை தடவ க்ளாஸ் தடவியும் வெள்ளை போகல, தோளு, தொப்பி, போர்வை மடிப்பு எல்லாம் பூத்துப் போயே இருக்கு. உரிக்கவும் மனசு வரல. கடைசில அவன் பேஸ்ல பேக்கிங் சோடா கலக்காத நல்ல ஸ்னோ பவுடரா வாங்கி (பேக்கிங் சோடா போட்டா நாள் ஆக ஆக மஞ்சளாயிடும்னு சொல்றாங்க) கணுக்கால் வரைக்கும் பனி போட்டு விட்டேன். மத்த 39 பேரும் புல்லுல நிக்கிறாங்க. எதிர்ல ஆடுறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது அவனப் பத்தி தான், இவனுக்கு ஏதாவது தனி பவர் இருக்கான்னு.