செட்டிநாட்டு வீடு ஒன்றை வழிகாட்டியுடன் நிதானமாகப் பார்ப்பதற்கு எப்படித் திட்டமிடுவது?

கேள்வி (சென்னை வாசகி):

நாங்கள் ஏழு பேர், வரும் தை மாதத்தில் ஒரு சனி, ஞாயிறில் காரைக்குடிப் பக்கம் வந்து, நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பழைய வீடு ஒன்றை வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்க விரும்புகிறோம். மாமனாருக்கு 76 வயது. முழங்கால் வலி உண்டு. மகள் கட்டடக்கலை படிக்கிறாள். இந்தப் பயணமே அவளுக்காகத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முறை வந்திருந்தோம். வாடகை வண்டி ஓட்டுநர் ஏற்பாடு செய்த வழிகாட்டி, “பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி” என்று மூச்சுவிடாமல் ஒப்பித்து, இருபதே நிமிடத்தில் எங்களை வெளியே கொண்டுவந்து, நேராக ஒரு புடவைக் கடை வாசலில் இறக்கிவிட்டார். அந்த வீட்டில் யார், எப்படி வாழ்ந்தார்கள் என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. இம்முறை எந்த வீட்டைத் தேர்ந்தெடுக்கலாம், யாரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், ஒரு நாளில் எத்தனை வீடுகள் பார்க்கலாம்? கானாடுகாத்தான் அரண்மனைக்குள் அனுமதிப்பார்களா?

மறுமொழி 1 (காரைக்குடி வாசகர்):

அம்மா, முதலில் மாதத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். தை பிறந்தால் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகள் தங்கள் வீட்டுக் கல்யாணத்தைப் பூர்வீக வீட்டில் நடத்த ஊர் திரும்புவார்கள். அந்த நாட்களில் உள்ளே சமையலும் பந்தியும் நடந்துகொண்டிருக்கும்போது வெளியாரை விடமாட்டார்கள். விடச் சொல்வதும் முறையல்ல. மார்கழி அமைதியாக இருக்கும், வெயிலும் குறைவு. ஆனால் திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் நகரத்தார் வீடுகளில் கொண்டாடும் பிள்ளையார் நோன்பை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கானாடுகாத்தான் அரண்மனை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் குடும்ப வீடு. பொதுவாக வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். காரைக்குடியிலுள்ள ஆயிரம் சன்னல் வீடும் அப்படியே. இரண்டுக்கும் பத்து நிமிடம் போதும். கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுபவற்றில் ஆத்தங்குடிப் பெரிய வீடு பெயர் பெற்றது. அங்கே படப்பிடிப்பு நடந்தால் கதவடைப்புதான் என்பதால், கிளம்பும் அன்று காலையிலும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மகளுக்காக என்றால், ஒரே வீட்டில் இரண்டு மணி நேரம் இருக்கும்படி ஏற்பாடு செய்வதே நல்லது. வழிகாட்டியை வண்டிக்காரர் வழியாகப் பிடிக்காமல், பாரம்பரிய வீடுகளில் நடக்கும் தங்கும் விடுதிகளில் கேளுங்கள். எந்த வீட்டுக்குப் பொறுப்பாளர் யார், எந்த நேரத்தில் திறப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரே உடன்வந்தால் அதைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. அவருக்குத் தேக்கு எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்லத் தெரியாமல் இருக்கலாம்; எந்த அறை எந்தப் புள்ளிக்கு உரியது என்று தெரியும். நகரத்தாரில் திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. வளவை, அதாவது வீட்டின் நடு முற்றப் பகுதியைச் சுற்றிலும் வரிசையாக இருக்கும் சிறிய அறைகள் இந்தப் புள்ளிகளுக்கானவை. படுப்பதற்கு என்பதைவிட அவரவர் சீரையும் சாமானையும் பத்திரப்படுத்தவே பெரிதும் பயன்பட்டன. இன்றும் ஒவ்வொரு கதவிலும் வேறு வேறு பூட்டுத் தொங்குவதைக் காணலாம். அந்தப் பூட்டுகளைப் பற்றிக் கேட்டால், கூட்டுக்குடும்பம் என்பது ஒரே கூரையும் தனித்தனி அடுப்புமாக எப்படி நடந்தது என்ற முழுக் கதையும் வந்துவிடும்.

மறுமொழி 2 (கட்டடப் பொறியாளர், மதுரை):

மகளை முற்றத்தின் ஓரத்தில் நிறுத்தி மேலே பார்க்கச் சொல்லுங்கள். நாலாபுறக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து மழைநீரை வளவுக்குள் கொட்டுவதையும், கல் பாவிய தரை கண்ணுக்குத் தெரியாத சரிவில் அதை மூலைத் துவாரத்துக்கு ஓட்டுவதையும் அங்கே நின்றால்தான் புரிந்துகொள்ள முடியும். பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். சுண்ணாம்புச் சாந்தைப் பல அடுக்குகளாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. கண்ணாடி போல் குளிர்ந்திருக்கும்.

செருப்பை வாசலிலேயே விட வேண்டும் என்பதால் நேரம் முக்கியம். உச்சிவேளையில் முற்றத்துக் கல் காலைச் சுட்டுவிடும். காலை ஒன்பதரைக்குள் உள்ளே இருங்கள். பெரியவருக்கு நிலைப்படிகளின் உயரம் சிரமம் தரும். மாடிப்படி செங்குத்து, அவரை முகப்புத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஏறுங்கள்.

மறுமொழி 3 (திருச்சி வாசகி):

ஒரே வீடு போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வீட்டை மட்டும் பார்த்தவர், எல்லா வீடும் அப்படித்தான் என்று எண்ணிக்கொள்வார். காலையில் ஒரு வீட்டை விரிவாகப் பார்த்துவிட்டு, மாலையில் அதற்கு முற்றிலும் மாறான இன்னொன்றைப் பாருங்கள். கானாடுகாத்தானில் இப்போது விடுதியாக இயங்கும் விசாலம், 1930களின் இறுதியில் ஒரு தந்தை தம் மகளுக்காகக் கட்டியது. பூர்வீக வீடுகள் மகன்கள் வழியே இறங்கிய ஊரில் அது சாதாரண காரியமா என்ன?

இடையில் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறைக்கும் போய் வாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் அந்தந்தக் கட்டத்தில் ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கும்போது பூ அப்படியே நிற்கும். பிறகு மேலே மணலும் சிமெண்டும் இட்டு இறுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் கண்ணாடியைப் பிரிக்கிறார்கள். மேல்முகத்தின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை வேலை நடக்காமல் போகலாம், ஆகவே சனிக்கிழமையே நல்லது.

மறுமொழி 1-இன் தொடர்ச்சி:

அவர் சொல்வதும் சரிதான். இரண்டோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை. ஒன்று சொல்ல மறந்தேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்கும் வழிகாட்டி அழைத்துப் போவார். பாகப்பிரிவினையில் பிரித்துப் பெயர்க்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுநிலைகளும் அங்கே சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். ஆனால் அந்தத் தெருவை வீடுகளைப் பார்த்த பிறகு பாருங்கள், முன்னால் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. மார்கழி முதல் வாரத்துக்கு மாற்றிவிட்டோம். நோன்பு நாளையும் நாட்காட்டியில் சரிபார்த்துக்கொண்டேன். வெள்ளி பிற்பகல் பல்லவன் விரைவு வண்டியில் கிளம்பி, சனி காலை ஒரு வீடு, பிறகு பட்டறை, மாலையில் விசாலம் என்று வைத்திருக்கிறோம். மாமனாரிடம் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம் என்று சொன்னேன். அந்தப் பூட்டுகளை மட்டும் தாமும் பார்த்தாக வேண்டும் என்கிறார். வளவு வரை கைத்தாங்கலாக அழைத்துப் போய்விடுவோம்.