ஏழாம் வகுப்பில் மதிய உணவும் டாப்லெட் கட்டணமும்: எதை, யாரிடம், எப்படிக் கேட்பது?

ஹரோ அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகன் இந்த 2025 செப்டம்பரில் மேல்நிலைப் பாடசாலையில் ஏழாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். மகள் அருகிலுள்ள ஆரம்பப் பாடசாலையில் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். லண்டன் மேயரின் திட்டத்தால் 2023 செப்டம்பரிலிருந்து இங்குள்ள அரச ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவு இலவசமாகக் கிடைத்து வந்ததால், இந்தச் செலவைப் பற்றி நாங்கள் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. இப்போது மகனுடைய பாடசாலை உணவுக் கணக்கில் வாரந்தோறும் பணம் போட வேண்டியிருக்கிறது. வீட்டு நிலைமை அவனுக்குத் தெரியும் என்பதால் ஒரு துண்டு பீட்சாவை மட்டும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் வந்ததும் வராததுமாகச் சோற்றுப் பானையைத் திறக்கிறான். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

என் கணவருக்கு ஓகஸ்ட் தொடக்கத்தில் களஞ்சியசாலை வேலை நின்றுவிட்டது. ஒக்டோபர் நடுப்பகுதியில் வேறோர் இடத்தில் தொடங்கப்போகிறார். இடையில் முதியோர் இல்லத்தில் நான் செய்யும் பகுதிநேர வேலையிலிருந்து வரும் மாதம் ஏறக்குறைய 560 பவுண் மட்டுமே சம்பளம். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் உதவிப்பணம் கிடைக்கிறது. ஆனால் ஆண்டு வருமானம் 7,400 பவுணுக்கு மேல் இருந்தால் இலவச உணவு கிடையாது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதால், நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை.

இதற்கிடையில், ஒவ்வொரு மாணவரும் டாப்லெட் வைத்திருக்க வேண்டும் என்றும், பாடசாலை வழியாக வாங்கினால் மாதம் 14 பவுண் வீதம் 36 மாதங்கள் செலுத்தலாம் என்றும், வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகப் பணம் எடுக்க அனுமதிக்கும் டைரக்ட் டெபிட் படிவத்தை மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும் என்றும் பாடசாலையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கணக்குப் பார்த்தால் 504 பவுண் ஆகிறது. கையொப்பமிடாவிட்டால் மகன் வகுப்பில் தனித்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. உணவுக்கு எங்களுக்குத் தகுதி இருக்கிறதா? டாப்லெட்டுக்கு ஏதாவது உதவி உண்டா? விபரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கிழக்கு லண்டன் அலுவலக மேசை எழுதியது:

அன்புச் சகோதரி, நான் ஒரு மேல்நிலைப் பாடசாலை அலுவலகத்தில் பணிபுரிகிறேன். நீங்கள் சொன்ன விபரங்களின்படி உங்களுக்குத் தகுதி இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒக்டோபர் பிறக்கும் முன், முடிந்தால் இன்றிரவே, விண்ணப்பித்துவிடுங்கள்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட 7,400 பவுண் என்ற எல்லை உண்மையானதுதான். ஆனால் அது வரி போக உழைத்து ஈட்டும் வருமானத்துக்கு மட்டும் உரிய எல்லை. யுனிவர்சல் கிரெடிட் போன்ற உதவிப்பணம் அதில் சேராது. அதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. முழு ஆண்டின் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்து இதை முடிவுசெய்வதில்லை. யுனிவர்சல் கிரெடிட்டின் கடைசி மதிப்பீட்டு மாதத்தில் கணவன் மனைவி இருவரின் சம்பளமும் சேர்ந்து 616.67 பவுணுக்கு மேற்படாமலோ, கடைசி இரண்டு மாதங்களில் 1,233.34 பவுணுக்கு மேற்படாமலோ, கடைசி மூன்று மாதங்களில் 1,850 பவுணுக்கு மேற்படாமலோ இருந்தால் போதுமானது. உங்கள் யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் கடைசி மாத அறிக்கையைத் திறந்து, "கையில் கிடைத்த சம்பளம்" என்று காட்டும் தொகையைப் பாருங்கள். கணவருடைய கடைசிச் சம்பளம் தாமதமாக வந்து அதே மாதத்துக்குள் விழாதிருந்தால், உங்கள் 560 பவுண் மட்டுமே அங்கே இருக்கும்.

விண்ணப்பத்தைக் கவுன்சிலின், அதாவது உங்கள் உள்ளூராட்சி மன்றத்தின், இணையதளத்தில் செய்யலாம். சில இடங்களில் பாடசாலை அலுவலகமே செய்துதரும். உங்கள் நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கமும் பிறந்த திகதியும் பிள்ளைகளின் விபரமும் இருந்தால் போதும். பெரும்பாலும் கணினியிலேயே சரிபார்த்துவிடுவார்கள். கணவர் ஒக்டோபரில் வேலைக்குப் போய்ச் சம்பளம் உயர்ந்துவிட்டால் பறித்துவிடுவார்களோ என்று கவலைப்படவேண்டாம். ஒருமுறை தகுதி பெற்ற பிள்ளைக்கு 2018 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டின்படி இந்தக் கல்வியாண்டு முடியும்வரை, அதாவது 2026 கோடை வரை, உணவு தொடரும். அதன்பின் 2026 செப்டம்பரிலிருந்து யுனிவர்சல் கிரெடிட் பெறும் எல்லாக் குடும்பங்களுக்கும் வருமான எல்லை பார்க்காமல் இலவச உணவு வழங்கப்போவதாக அரசாங்கம் 2025 ஜூனில் அறிவித்திருக்கிறது. எனவே உதவிப்பணம் தொடரும்வரை உங்கள் மகனுக்கு இடைவெளி வராது.

மகளுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். "அவளுக்குத்தான் ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கிறதே" என்று விட்டுவிடும் பெற்றோரைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அந்த எண்ணம் எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. மேயரின் திட்டத்தில் உண்பதும், வருமான அடிப்படையில் பதிவாவதும் வெவ்வேறு. பதிவான பிள்ளைக்காகப் பாடசாலைக்குப் பியூப்பில் பிரீமியம் என்ற தனி நிதி வருகிறது. 2025-26இல் அது ஆரம்பப் பாடசாலையில் ஒரு பிள்ளைக்கு 1,515 பவுண், மேல்நிலையில் 1,075 பவுண். ஒருமுறை பதிவானால் ஆறு ஆண்டுகள் வரை அந்த நிதிக்கான கணக்கில் பிள்ளை இருக்கும். ஒக்டோபர் தொடக்கத்தில் எடுக்கப்படும் மாணவர் கணக்கெடுப்பை வைத்தே இது கணக்கிடப்படுவதால்தான் உடனே செய்யச் சொன்னேன். விடுமுறைக் காலங்களில் கவுன்சில்கள் நடத்தும் இலவச விளையாட்டு, உணவு முகாம்களுக்கும் இந்தப் பதிவே வழி. 2026 செப்டம்பரில் உணவுக்கான எல்லை விரிந்தாலும் பியூப்பில் பிரீமியத்துக்குப் பழைய எல்லையே நீடிக்கும் என்று சொல்லப்பட்டிருப்பதால், உங்களுக்கு இப்போது கிடைத்திருக்கும் வாய்ப்பைத் தவறவிடாதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் செலவழித்த சாப்பாட்டுப் பணத்தைப் பொதுவாகத் திருப்பித் தரமாட்டார்கள்.

நிர்வாகசபைப் பெரியவர் எழுதியது:

தங்கச்சி, உணவைப் பற்றி மேலே சொன்னவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். டாப்லெட் விடயத்தை மட்டும் நான் எழுதுகிறேன். நான் நீண்ட காலம் ஒரு பாடசாலையின் நிர்வாகசபையில் இருந்தவன். இதைக் குறித்து எனக்கு உறுதியான கருத்து உண்டு.

அந்தப் படிவத்தில் உடனே கையொப்பமிடாதீர்கள். 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் 450ஆம் பிரிவு, பாடசாலை நேரத்தில் வழங்கப்படும் கல்விக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 454ஆம் பிரிவு, அந்தக் கல்விக்குத் தேவையான புத்தகங்களையோ கருவிகளையோ பிற உபகரணங்களையோ பெற்றோர் வாங்கித் தரவேண்டும் என்றோ அவற்றுக்குப் பணம் கட்டவேண்டும் என்றோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. கவுன்சிலின் கீழ் இல்லாமல் அரச நிதியில் தனித்து இயங்கும் அகாடமிப் பாடசாலைகளும் அரசாங்கத்துடன் செய்துகொண்ட நிதி ஒப்பந்தத்தின் வழியாக இதே விதிக்குக் கட்டுப்பட்டவை. தனியார் கட்டணப் பாடசாலைகளுக்கு மட்டும் இது பொருந்தாது. பாடசாலை பெற்றோரிடம் தன்விருப்பப் பங்களிப்புக் கேட்கலாம், அதில் தவறில்லை. ஆனால் அது விருப்பத்தைப் பொறுத்தது என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பணம் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையை அதைக் காரணம் காட்டி ஒதுக்கவும் கூடாது. உங்களுக்கு வந்த கடிதத்தில் "செலுத்த வேண்டும்" என்ற தொனி பெரிய எழுத்திலும், "விரும்பினால்" என்ற சொல் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்திலும் இருக்கக்கூடும். இன்னொருமுறை நிதானமாக வாசியுங்கள்.

அடுத்து, பாடசாலையின் இணையதளத்தில் சார்ஜிங் அண்ட் ரெமிஷன்ஸ் பாலிசி என்ற ஆவணத்தைத் தேடுங்கள். எதற்குக் கட்டணம், யாருக்குச் சலுகை என்பதை எழுதி வைக்கும் கடமை ஒவ்வொரு பாடசாலைக்கும் உண்டு. அதை வாசித்தபின் அலுவலகத்துக்கு ஒரு சிறிய மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சிரமமாக இருந்தால் மகனையே தட்டச்சுச் செய்யச் சொல்லாமல், தெரிந்த பெரியவர் ஒருவரிடம் உதவி கேளுங்கள். இந்தப் பாரத்தைப் பிள்ளையின் தலையில் வைக்க வேண்டாம். எழுத வேண்டிய கருத்து இவ்வளவுதான்: "டாப்லெட் திட்டம் பற்றிய கடிதம் கிடைத்தது. எங்கள் குடும்பம் யுனிவர்சல் கிரெடிட் பெறுகிறது. இலவச உணவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். இந்தப் பங்களிப்பைச் செலுத்த எங்களால் இயலாது. எங்கள் மகன் வகுப்பிலும் வீட்டிலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே பயன்படுத்துவதற்குப் பாடசாலை ஒரு கருவியை எப்போது வழங்கும் என்பதை அறியத் தரவும்."

பெரும்பாலான பாடசாலைகள் இந்தக் கட்டத்திலேயே ஒரு கருவியை இரவலாகத் தந்துவிடும். இத்தகைய பிள்ளைகளுக்கென வரும் நிதியை அதற்குப் பயன்படுத்துவது அவர்களுக்கும் வழக்கம்தான். மறுத்தால் அதிபருக்கும், அதன்பின் நிர்வாகசபைத் தலைவருக்கும் எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசியில் பேசியது மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது; எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் பதில் வரவேண்டியிருக்கும். கொரோனாக் காலத்தில் கல்வி அமைச்சு பத்து இலட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகளை இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென வழங்கியது. அந்தத் திட்டம் முடிந்துவிட்டது, தேவை முடியவில்லை. ஆகவே பாடசாலையை நேரடியாகக் கேட்பதே இப்போது சரியான வழி.

குரொய்டன் தந்தை எழுதியது:

இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் வேலை விசாவில் இருக்கிறோம். அரச உதவி பெறத் தகுதியில்லை என்று விசாவிலேயே எழுதியிருக்கிறது. மகள் எட்டாம் வகுப்பு. இலவச உணவுக்கு விண்ணப்பித்தால் பின்னாளில் நிரந்தர வதிவிடத்துக்குப் பாதகமாகுமா?

கிழக்கு லண்டன் அலுவலக மேசை எழுதியது:

ஆகாது, தம்பி. பாடசாலை உணவு, குடிவரவு விதிகள் தடைசெய்யும் அரச உதவிகளின் பட்டியலில் இல்லை. உங்களைப் போன்ற குடும்பங்களுக்கென்றே தனி வருமான எல்லை வைத்திருக்கிறார்கள். லண்டனுக்குள் ஒரு பிள்ளை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 31,200 பவுண்; இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் 34,800 பவுண். லண்டனுக்கு வெளியே முறையே 22,700 பவுணும் 26,300 பவுணும். சேமிப்பு 16,000 பவுணுக்கு மேற்படக் கூடாது. கணினிச் சரிபார்ப்பில் உங்கள் பெயர் வராது என்பதால் வழக்கமான இணையப் படிவம் "தகுதியில்லை" என்று காட்டும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, விசா விபரம் ஆகியவற்றுடன் பாடசாலை அலுவலகத்துக்கு நேரில் சென்று, அரச உதவிக்கு உரிமையற்ற குடும்பங்களுக்கான விண்ணப்பம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். மேசையில் இருப்பவருக்கே இந்த விதி தெரியாமலிருக்கலாம்; அப்படியானால் கவுன்சிலின் உணவுப் பிரிவைக் கேட்டுச் சொல்லும்படி வேண்டுங்கள்.

ஹரோ அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அறிக்கையைப் பார்த்தேன், கடைசி மாதத்தில் 558 பவுண் என்றே இருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் விண்ணப்பித்துவிட்டேன். பாடசாலைக்கான மின்னஞ்சலையும் என் மச்சாள் இன்று எழுதித் தருகிறாள். இன்னும் ஒரு கவலை இருக்கிறது. உணவு வரிசையில் மகன் இலவசமாகச் சாப்பிடுவது நண்பர்களுக்குத் தெரிந்துவிடுமா? வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று நினைக்கிறேன்.

ரூட்டிங் பெற்றோர் எழுதியது:

நண்பர்களுக்குத் தெரியவராது, அக்கா. எங்கள் மகளும் இலவச உணவுதான் பெறுகிறாள். எல்லோரும் ஒரே அட்டையையோ விரல் ரேகையையோ காட்டித்தான் வாங்குகிறார்கள். அவளுடைய கணக்கில் அன்றைய தொகை காலையிலேயே தானாக ஏறிவிடுகிறது, பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரிவதில்லை. விரல் ரேகை கொடுக்க உங்களுக்கு விருப்பமில்லை என்றால் மறுக்கலாம், 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி பாடசாலை வேறு வழி செய்து தரவேண்டும். ஒன்றை மட்டும் மகனிடம் சொல்லிவையுங்கள்: பல பாடசாலைகளில் அன்று செலவழிக்காத தொகை மாலையில் அழிந்துவிடும், மறுநாளுக்குச் சேராது. அதனால் பீட்சாத் துண்டோடு நிறுத்தாமல் முழுச் சாப்பாட்டையும் எடுக்கட்டும். இரவல் டாப்லெட் கிடைத்தால், உடைந்தால் யார் பொறுப்பு என்பதைக் கையொப்பமிடும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு இணையத்துக்கும் யுனிவர்சல் கிரெடிட் பெறுபவர்களுக்குப் பல நிறுவனங்கள் சோஷியல் டாரிஃப் என்ற குறைந்த கட்டணம் வைத்திருக்கின்றன. நாங்கள் கேட்டபின்தான் மாற்றித் தந்தார்கள்.