பூல் (நீச்சல் குளம்) வேலி ஆய்வில் தேறவில்லை, 90 நாள் கெடு ஓடுகிறது. சிட்னிக்காரர்கள் உதவ முடியுமா?

மேற்குசிட்னி_புதுவீடு

எல்லோருக்கும் வணக்கம். மேற்கு சிட்னியில் பின்கட்டில் பூல் உள்ள வீடு வாங்கியிருக்கிறோம். பூல் 2015இல் கட்டியது. விற்றவர் ஒப்பந்தத்தோடு இணைத்தது "விதிகளுக்கு இணங்கவில்லை" என்ற சான்றிதழ். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அப்படியும் விற்கலாமாம். செட்டில்மெண்ட் (வீடு கைமாறும்) நாளிலிருந்து 90 நாளுக்குள் வாங்கியவர் எல்லாவற்றையும் சரிசெய்து நல்ல சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கன்வேயன்சர் (வீட்டுப் பத்திர வேலை பார்ப்பவர்) சொன்னார். அதைக் காட்டி விலையும் கொஞ்சம் குறைத்தோம். இப்போது கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

கவுன்சில் இன்ஸ்பெக்டர் எழுதியிருப்பது இவ்வளவு:

கேட்டைக் கொஞ்சமாகத் திறந்து விட்டால் தானாக மூடிப் பூட்டிக்கொள்வதில்லை. பின்பக்க எல்லை வேலி (கலர்பாண்ட் தகரம்) 1800 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 1680தான் இருக்கிறது. இடப்பக்க மரவேலியில் குறுக்குச் சட்டங்கள் எங்கள் பக்கம் இருக்கின்றன, "ஏறக்கூடாத பகுதி"க்குள் (பிள்ளைகள் கால் வைத்து ஏற எதுவும் இருக்கக்கூடாத இடம்) வருகின்றன. வீட்டுப் பக்கம் உள்ள கண்ணாடி வேலியை ஒட்டிப் பூந்தொட்டி மேடை. முதலுதவிப் பலகை வெளிறிப்போய்விட்டது.

என் பெரிய கவலை இடப்பக்கத்து வீடு. அவர்கள் வேலியை ஒட்டி டிராம்போலின் போட்டிருக்கிறார்கள், விறகும் அடுக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதில் ஏறினால் எங்கள் பூலுக்குள் எட்டிப் பார்க்கலாம். அதை எடுக்கச் சொல்லி நான் போய்க் கேட்க வேண்டுமா? புதிதாக வந்த இடத்தில் முதல் பேச்சே இதுவா என்று இருக்கிறது. மரவேலியைப் பிடுங்கிப் புது வேலி போட ஒரு கம்பெனி சொன்ன விலையைக் கேட்டுத் தலை சுற்றிவிட்டது.

சுத்தியல்

தம்பி, முதலில் அந்த டிராம்போலினை மறந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் நிலத்தில் எதை வைக்கிறார் என்பது உங்கள் கையில் இல்லை. சட்டமும் அதை ஒத்துக்கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. பூலுக்கும் வீட்டுக்கும் நடுவே உங்கள் நிலத்திலேயே போடும் வேலிக்கு 1200 மி.மீ. உயரம் போதும். அதற்கு 900 மி.மீ. ஏறக்கூடாத பகுதி வெளிப்பக்கம் வர வேண்டும், அந்தப் பக்கத்தைச் சுத்தமாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. எல்லை வேலியே பூல் வேலியாகவும் இருந்தால் கணக்கு மாறும். உயரம் 1800, அதையும் பூல் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். 900 மி.மீ. ஏறக்கூடாத பகுதியும் உங்கள் பக்கத்தில், வேலியின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி வரும்.

ஏன் உள்பக்கம் என்றால், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பிள்ளை எப்படியோ உச்சிக்கு வந்துவிட்டாலும், இந்தப் பக்கம் இறங்கக் கால் வைக்க எதுவும் இருக்கக்கூடாது. கால் வைக்க இடமில்லாவிட்டால் பிள்ளை பயந்து திரும்பிவிடும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை மனதில் வைத்துப் போட்ட விதிகள் இவை. இதைப் பிடித்துக்கொண்டால் இன்ஸ்பெக்டர் எழுதியது எல்லாம் தன்னால் விளங்கும்.

1680 விஷயத்துக்கு வருவோம். கலர்பாண்ட் வேலி பெரும்பாலும் 1800 உயரத்தில்தான் வரும். அது குட்டையாகத் தெரிகிறதென்றால் நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் காரணம் மண். விற்றவர் செடி வைக்க வேலியோரம் மண்ணைக் கொட்டி உயர்த்தியிருப்பார். போய்க் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள், தகரம் மண்ணுக்குள் இறங்குகிறதா?

மேலே லாட்டிஸ் பலகை வைத்து உயர்த்தலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். லாட்டிஸின் ஓட்டைகள் குழந்தைக்கு ஏணி.

மேற்குசிட்னி_புதுவீடு

அண்ணா, மிக்க நன்றி. தோண்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்னதேதான். தகரம் கீழே போகிறது, ஓரத்தில் மண்ணும் மரத்தூளும் மேடாக இருக்கின்றன. அப்படியானால் மண்ணை அள்ளினால் போதுமா?

சுத்தியல்

போதும், ஆனால் பழைய தரைமட்டத்தோடு நிறுத்துங்கள். ஆர்வத்தில் இன்னும் கீழே தோண்டினால் வேலிக்கு அடியில் இடைவெளி விழும். அது 100 மி.மீ.க்கு மேல் போனால் அதற்காக இன்னொரு முறை தேறாமல் போவீர்கள். வேலியை ஒட்டி மட்டும் ஒரு கால்வாய் மாதிரி வெட்டிவிட்டுப் பக்கத்திலேயே மேட்டை விட்டுவைக்கவும் கூடாது, அந்த மேட்டில் நின்று ஏறலாம் அல்லவா. எவ்வளவு தூரம் சமப்படுத்த வேண்டும் என்று அந்த இன்ஸ்பெக்டரிடமே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறு ஆய்வுக்கு வேறு ஆள் வந்தாலும் காட்டலாம்.

மரவேலிக்குப் புது வேலி தேவையே இல்லை. குறுக்குச் சட்டங்களின் மேல்பக்கம் தட்டையாக இருப்பதால் கால் நிற்கிறது. மேலே சரிவாக, செங்குத்தான சாய்வில் வெட்டிய மரக்கட்டைகளை நீளவாட்டில் அறைந்துவிட்டால் கால் வழுக்கும். இதற்கென்றே 60 பாகைச் சாய்வில் வெட்டிய கட்டைகள் விற்கிறார்கள். இல்லாவிட்டால் உங்கள் பக்கத்திலும் பலகை அடித்துச் சட்டங்களை முழுதாக மூடிவிடுங்கள். பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அந்த மரவேலியின் உயரத்தையும் ஒருமுறை அளந்துவிடுங்கள், இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

கேட் பிரச்சினை பெரும்பாலும் கீல். ஸ்பிரிங் கீலின் தலையில் இறுக்கத்தைக் கூட்டும் திருகு இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கூட்டி, கேட்டை முழுதாகத் திறந்து விடுங்கள், பாதி திறந்து விடுங்கள், கடைசியாகத் தாழ்ப்பாள்மேல் லேசாகச் சாய்த்து வைத்து விடுங்கள். எந்த நிலையிலிருந்தும் கை வைக்காமல் மூடிப் பூட்ட வேண்டும். கேட் பூலுக்கு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும், தாழ்ப்பாளைத் திறக்கும் இடம் தரையிலிருந்து 1500 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும்.

நிலா_அப்பா

இவ்வளவு செலவு எதற்கு? தண்ணீரை வடித்துவிட்டுப் பூலைக் காலியாக வையுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் பூல் இல்லை, வேலியும் வேண்டாம்.

வெண்டி_சுபா

அண்ணா, அப்படி இல்லை. 1992ஆம் ஆண்டு நீச்சல் குளச் சட்டத்தில் 300 மி.மீ.க்கு மேல் தண்ணீர் நிரப்பக் *கூடிய* பள்ளம், கட்டுமானம், தொட்டி எல்லாமே வரும். இன்றைக்குத் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று கேட்பதில்லை. மழை பெய்தால் தானாக நிரம்பும் பள்ளம் அது. தவிர, தரைக்குள் இருக்கும் பூலைக் காலி செய்தால் நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளித் தொட்டியையே மேலே கிளப்பிவிடலாம். வேலிக்குப் பார்த்த காசைவிட அது பல மடங்கு.

நான் கவுன்சில் வேலை பார்ப்பவள் இல்லை, ஆனால் எங்கள் வீட்டை வாடகைக்கு விட இதையெல்லாம் கடந்து வந்தேன். புதுவீடு தம்பிக்குச் சில விஷயங்கள்.

மாநிலத்தின் இணையப் பதிவேட்டில் உங்கள் பூல் பதிவாகியிருக்கிறதா என்று முகவரியைப் போட்டுப் பாருங்கள். நாமே பதிந்தால் காசில்லை. விற்றவர் பதிந்துதான் சான்றிதழ் வாங்கியிருப்பார், விவரங்கள் சரியா என்று மட்டும் பார்த்தால் போதும். பதியாமல் விட்டால் 220 டாலர் அபராதம். வேலி விதிக்கு உட்படாவிட்டால் அங்கேயே எழுதும் அபராதம் 550, நீதிமன்றம் வரை போனால் 5,500 வரை போகும்.

ஆய்வுக்குக் கவுன்சிலைத்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, உரிமம் பெற்ற தனியார் ஆய்வாளர்களும் சான்றிதழ் தரலாம். கவுன்சில் கட்டணத்துக்கு 2018 விதிமுறை உச்சவரம்பு வைத்தது: முதல் ஆய்வு 150 டாலர், மறு ஆய்வு 100. தனியார் தங்கள் விலையைத் தாங்களே வைப்பார்கள், ஆனால் சீக்கிரம் வருவார்கள். பள்ளி விடுமுறைக்கு முன் கவுன்சிலில் நாள் கிடைப்பது கஷ்டம், 90 நாளில் அதையும் கணக்கில் வையுங்கள். தனியார் ஆய்வாளர் வந்து குறை கண்டால் உங்களுக்கு எழுத்தில் நோட்டீஸ் தருவார். ஆறு வாரத்துக்குள் சரியாகாவிட்டால் அதன் நகல் கவுன்சிலுக்குப் போகும். ஆபத்து பெரிதென்றால் உடனேயே போய்விடும்.

பூந்தொட்டி மேடை கண்ணாடி வேலிக்கு வெளிப்பக்கமா, பூல் பக்கமா?

மேற்குசிட்னி_புதுவீடு

வெளிப்பக்கம், சுபா அக்கா. வேலியை ஒட்டி, இடுப்பளவு உயரம். செங்கல் கட்டு. அதில்தான் கறிவேப்பிலைத் தொட்டியை வைக்கலாம் என்று வீட்டில் ஆசைப்பட்டார்கள்.

வெண்டி_சுபா

கறிவேப்பிலை வேறு இடம் பார்க்கட்டும் :) மேடை 900 மி.மீ. பகுதிக்குள் நிற்கிறது. இடித்து எடுக்க வேண்டும், அல்லது வேலியை நகர்த்த வேண்டும். இடிப்பதுதான் மலிவு. நாற்காலி, பார்பிக்யூ, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாமே இதில் அடங்கும். சான்றிதழ் வாங்கும் அன்றைக்கு மட்டும் நகர்த்திவிட்டு மறுநாள் திரும்ப வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

யாழ்_சிவா

மரவேலியைச் சரிசெய்யும்போது பக்கத்து வீட்டுக்காரர் பாதிக் காசு தர வேண்டும் என்று சிலர் சொல்லுவினம். எல்லை வேலிக்கு 1991ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. சாதாரணமான, போதுமான வேலிக்குத்தான் பாதிப் பாதி. உங்கள் பூலுக்காகக் கூடுதலாகச் செய்யிறது உங்கள் செலவு. குறுக்குச் சட்டத்தில் கட்டை அறையிறது உங்கள் பக்கத்து வேலைதான் என்றாலும், அது பொது வேலி. அவரோடு ஒருக்கால் கதைத்துவிட்டு ஆணியை எடுங்கோ. கட்டாயத்துக்காக இல்லை, அயல் மனுசர் எண்டதுக்காக.

குட்டிமீன்

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். கோடைக்குக் கடையில் காற்றடிக்கும் பூல் ஒன்று வாங்கினோம், பெட்டியில் 76 செ.மீ. உயரம் என்று போட்டிருக்கிறது. இதற்கெல்லாம் இந்த விதி இருக்காதே?

சுத்தியல்

இருக்கும் தங்கச்சி. 30 செ.மீ.க்கு மேல் தண்ணீர் பிடிக்கும் எதுவும் பூல்தான். கடைக்காரன் பெட்டியை விற்றுவிடுவான், வேலியை விற்க மாட்டான். முக்கால் மீட்டர் உயரமுள்ளதை நிறுத்தினால் வேலி, பதிவு, சான்றிதழ் எல்லாம் பின்னால் வரும், வீட்டுச் சொந்தக்காரரையும் இழுத்துவிடும். திருப்பிக் கொடுத்துவிட்டுக் கணுக்கால் அளவு தண்ணீர் பிடிக்கும் சின்னதை வாங்குங்கள். விளையாடி முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள். அதில் தண்ணீர் இருக்கும்வரை கூடவே ஆள் இருக்க வேண்டும்.

மெல்பன்_முருங்கை

மெல்பனில் இருந்து இதைப் படிப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். விக்டோரியாவில் பதிவு கவுன்சிலிடம், 2019 டிசம்பரில் புது முறை வந்தது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை வேலிச் சான்றிதழைக் கவுன்சிலில் கொடுக்க வேண்டும், வீட்டை விற்காவிட்டாலும். 300 மி.மீ. எல்லை இங்கேயும் அதேதான்.

மேற்குசிட்னி_புதுவீடு

எல்லோருக்கும் ஒரு அப்டேட். மண்ணை அள்ளிச் சமப்படுத்திவிட்டேன், வேலி இப்போது 1800க்கு மேல் காட்டுகிறது. மேடையை இடித்தாயிற்று. கேட் கீலைத் திருகியதும் சரியாகவில்லை, ஒரு கீலின் ஸ்பிரிங்கே செத்திருந்தது, இரண்டையும் மாற்றினேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் சிவா அண்ணா சொன்ன மாதிரி பேசினேன். அவர் கட்டையெல்லாம் தானே வெட்டித் தருகிறேன் என்று ரம்பத்தோடு வந்துவிட்டார்.

மறு ஆய்வில் ஒன்றே ஒன்று மிச்சம்: மரவேலி கலர்பாண்டைச் சந்திக்கும் மூலையில் ஒரு இரும்புப் பட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதில் கால் வைக்கலாம் என்றார் இன்ஸ்பெக்டர். புகைப்படம் அனுப்பினால் போதும் என்று சொல்லியிருக்கிறார். முதலுதவிப் பலகையைப் பூல் கடையில் புதிதாக வாங்கி மாட்டிவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்வி. சான்றிதழ் எத்தனை வருடம்? பம்பை இரவில் ஓட்டலாமா, அப்போது மின்சாரம் மலிவு.

வெண்டி_சுபா

சான்றிதழ் மூன்று வருடம். அதற்குள் வீட்டை விற்காமல், வாடகைக்கு விடாமல் இருந்தால் காலாவதியானதும் உடனே புதுப்பிக்கக் கட்டாயம் இல்லை. ஆனால் வேலி எப்போதும் விதிப்படி இருக்க வேண்டும், கவுன்சில் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

பம்ப் இரவில் ஆகாது. பக்கத்து வீட்டு அறைக்குள் சத்தம் கேட்கக் கூடாத நேரம் இரவு 8 முதல் காலை 7 வரை, ஞாயிறும் பொது விடுமுறையும் காலை 8 வரை. ரம்பத்தோடு வந்த மனிதரை அதற்குள் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

சுத்தியல்

ஃபில்டரைக் கழுவும் தண்ணீர் சாக்கடைக் குழாய்க்குத்தான் போக வேண்டும், மழைநீர்க் கால்வாய்க்கு விடக்கூடாது. விற்றவர் குழாயை எங்கே விட்டிருக்கிறார் என்று பாருங்கள். இந்த வயது வீடுகளில் புல்தரையில் விட்டுவைத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த இரும்புப் பட்டையை அறுக்க வேண்டாம், வேலி ஆடிவிடும். மேலே சரிவாக ஒரு கட்டை வைத்து மூடிவிட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள்.