1500டி-யில் இரண்டு வருடம்: அடுத்து பாடியா, லென்ஸா?

மாடவீதி எழுதியது:

என்னிடம் இருப்பது கேனான் 1500டி, உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமரா, கூடவே வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ். இரண்டு வருடமாக இது மட்டும்தான். வாரக் கடைசியில் காசிமேடு, எப்போதாவது பழவேற்காடு, மற்றபடி வீட்டுக்குப் பக்கத்தில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி எடுக்கிறேன்.

போன பங்குனி உற்சவத்தில் மூன்றாம் நாள், அதிகார நந்தி வாகனப் புறப்பாடு. விடிவதற்கு முன்பே போய் கிழக்குக் கோபுர வாசலில் இடம் பிடித்தேன். எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஜூம் 55 மி.மீ., லென்ஸ் துளை எஃப் 5.6, ஷட்டர் 1/30 நொடி, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 6400. நந்தியின் முகம் இழுபட்டிருக்கிறது. நிழலான இடமெல்லாம் மணலை வாரி இறைத்தது போல நாய்ஸ். அன்று வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தபோது அழாத குறைதான்.

ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வாங்கிவிடலாம் என்று மனம் சொல்கிறது. ஆனால் பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, வாங்கினாலே பணம் ஏறக்குறைய தீர்ந்துவிடும், நல்ல லென்ஸுக்கு மிஞ்சாது. அடுத்த பங்குனிக்குள் முடிவெடுக்க வேண்டும். என்ன செய்யலாம்?

திருவான்மியூர் அலை எழுதியது:

லென்ஸ்தான். யோசிக்கவே வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ. உங்களுடையது ஏறத்தாழ 22க்கு 15. பரப்பளவில் இரண்டரை மடங்கு வித்தியாசம், அதாவது ஒன்றேகால் ஸ்டாப்தான் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). அதற்கு ஒன்றரை லட்சம். இதே பாடியில் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸை மாட்டினால், 5.6-லிருந்து 1.8-க்கு வரும்போது கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம் (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது). மூன்று ஸ்டாப்புக்கும் மேல். உங்கள் 1/30 நொடி 1/250 ஆகிவிடும். வாகனத்தைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் எவ்வளவு ஆட்டி வந்தாலும் வாகனம் உறைந்து நிற்கும். செலவு, நீங்கள் சேர்த்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

பெரம்பூர் லோகோ எழுதியது:

அலை சார், கணக்கு சரி. ஆனால் 1.8-ல் ஃபோகஸ் பிடித்துத் தருவது யார்?

நானும் இதே 1500டி-யில் மூன்று வருடம் போராடினேன். என் மகள் பரதம் ஆடுகிறாள். மேடை வெளிச்சம் குறைவு என்று நீங்கள் சொன்ன அதே 50-ஐ வாங்கினேன். இரண்டு மீட்டர் தூரத்தில் 1.8 வைத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் 11 செ.மீ.தான், அரைச் சாண். அந்த கேமராவில் மொத்தம் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள். அதில் நடுவில் உள்ள ஒன்றுதான் கிராஸ் டைப் (கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் பார்ப்பது), இருட்டில் நம்பக்கூடியது அது மட்டும். நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்து, ஃபிரேமைத் திருப்பி, அமுக்குவதற்குள் குழந்தை அடுத்த அடவுக்குப் போய்விடுவாள். திரையைப் பார்த்து எடுக்கலாம் என்றால் அதில் ஆட்டோஃபோகஸ் இன்னும் மெதுவாக இருக்கும். காது கூர்மை, கண் மங்கல், இப்படி எத்தனை படங்கள் என்னிடம் இருக்கின்றன தெரியுமா?

மிரர்லெஸுக்கு மாறிய பிறகு கேமரா கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது. நான் அவள் முகபாவத்தைப் பார்க்கிறேன். இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று. மேடையிலும் கோயில் வீதியிலும் இப்போது எல்லாம் எல்இடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். அந்த வெளிச்சத்தில் 1/250 வைத்தால் படத்துக்குப் படம் நிறமும் வெளிச்சமும் மாறும், சில சமயம் குறுக்கே பட்டையும் விழும். இதைக் கண்டுபிடித்துச் சமாளிக்கும் வசதி புதிய பாடிகள் பலவற்றில் உண்டு. 1500டி-யில் இல்லை.

திருவான்மியூர் அலை எழுதியது:

மேடம், நடனம் வேறு, வாகனம் வேறு. நந்தி அடவு மாற்றாது. பத்து மீட்டர் தள்ளி நின்றால் 11 செ.மீ. எல்லாம் பேச்சே இல்லை, ஆழம் 2 மீட்டருக்கு மேல் கிடைக்கும். ஒருவருடைய கஷ்டத்துக்கான மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

மந்தைவெளி ஃபிலிம் எழுதியது:

தம்பி மாடவீதி, அந்தப் படத்தின் விவரங்களை எழுதியிருந்ததால் ஒன்று கேட்கிறேன். வாகனம் கோபுர வாசலைத் தாண்டிய பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?

நான் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டு இதே அதிகார நந்தியை எடுத்தவன். ஒரு சுருளில் 36 படம், அவ்வளவுதான். வாசலில் ஒன்றுகூட எடுக்க மாட்டேன். அரை மணி நேரம் கழித்து அதே வாகனம் வீதியில் நிற்கும்போது வெளிச்சம் பல மடங்கு ஏறியிருக்கும், வெள்ளி மேல் வெயில் சாய்ந்து விழும். நிறுத்தி நிறுத்தித்தான் கொண்டுபோவார்கள். தோளில் இருந்து இறக்கி வைக்கும் அந்த நேரம்தான் நமக்கு. அப்போது கிட் லென்ஸே போதும். ஆனால் வெள்ளி பளபளப்பதால் கேமராவின் வெளிச்ச மீட்டர் ஏமாறும். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் மாற்றி மாற்றி எடுத்து, ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) பார்த்துப் பழகுங்கள். இதெல்லாம் கைக்கு வராமல் எந்தப் பாடி வாங்கினாலும் அடுத்த பங்குனியிலும் இதே கடிதத்தை எழுதுவீர்கள்.

பெரம்பூர் லோகோ எழுதியது:

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், எனக்கு இது ஒப்பவில்லை. அவர் கேட்டது விடியலில் கோபுர வாசலில் வரும் காட்சி. நீங்கள் வேறு காட்சியை எடுக்கச் சொல்கிறீர்கள். கோபுர நிழலில், தீவட்டி வெளிச்சத்தில் வாகனம் வெளிப்படும் அந்தக் கணம் வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால், வெயில் வந்த பிறகு எடு என்பது பதிலாகாது. 36 படத்தில் எடுத்தீர்கள் என்பது உண்மை. ஆனால் உங்களால் எடுக்க முடியாமல் விட்ட படங்களும் இருந்திருக்கும் அல்லவா?

மந்தைவெளி ஃபிலிம் எழுதியது:

இருந்தன, நிறையவே. அதை ஒத்துக்கொள்கிறேன் அம்மா.

அப்படியானால் ஒரு வேலை செய்யலாம். தம்பி, இரண்டு வருடத்தில் நீங்கள் வைத்துக்கொண்ட படங்களை மட்டும் லைட்ரூம் மென்பொருளில் போட்டு, எந்த ஃபோகல் லெங்த்தில் (18, 55 என்கிற மி.மீ. அளவில்) எத்தனை என்று பாருங்கள். ஃபில்டரிலேயே வந்துவிடும். எந்த லென்ஸ் வேண்டும் என்பது அதில் தெரியும்.

மாடவீதி எழுதியது:

நேற்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். எனக்கே ஆச்சரியம். வைத்துக்கொண்ட படங்களில் பாதிக்கு மேல் 18-லிருந்து 24-க்குள் எடுத்தவை. காசிமேட்டில் ஏலம் போடும் பெண்கள், வலை பிரிப்பவர்கள், எல்லாம் பக்கத்தில் போய் எடுத்தது. 55-ல் எடுத்ததில் அழித்தவையே அதிகம். கோபுர வாசலிலும் கூட்டம் தள்ளித் தள்ளி, கடைசியில் வாகனத்துக்கு மிக அருகில்தான் நின்றிருந்தேன். 55-க்கு ஜூம் செய்தது, முகம் பெரிதாக வர வேண்டும் என்ற பதற்றத்தில்.

திருவான்மியூர் அலை எழுதியது:

அப்படியென்றால் நான் சொன்ன 50 உங்களுக்குச் சரிவராது. உங்கள் சென்சாரில் அது ஃபுல் ஃபிரேமின் 80 மி.மீ. லென்ஸ் போலக் குறுகிய பார்வை, மாடவீதிக் கூட்டத்தில் நெருக்கமாகிவிடும். 24 எஃப் 2.8 பான்கேக் (தட்டையான சின்ன லென்ஸ்) ஒன்று இருக்கிறது, ஆனால் 24-ல் கிட் லென்ஸே ஏறத்தாழ எஃப் 4 தருவதால் லாபம் ஒரு ஸ்டாப்தான். அதற்காக வாங்கச் சொல்ல மாட்டேன்.

சிக்மா 18-35 எஃப் 1.8 பாருங்கள். 2013-ல் வந்தது, உங்கள் சென்சார் அளவுக்கென்றே செய்த லென்ஸ், ஜூம் முழுக்க 1.8. எடை 800 கிராமுக்கு மேல், கழுத்து வலிக்கும். ஆனால் நீங்கள் எடுக்கும் படங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. செகண்ட் ஹேண்டில் தேடலாம்.

பெரம்பூர் லோகோ எழுதியது:

அருமையான லென்ஸ், அதில் சண்டையே இல்லை. ஆனால் டிஎஸ்எல்ஆரில் வ்யூஃபைண்டர் வழியாக அதன் ஃபோகஸ் முன்னே பின்னே போகிறது என்று பலர் சொல்வார்கள். அதைத் திருத்தும் அட்ஜஸ்ட்மென்ட் 1500டி-யில் கிடையாது. மிரர்லெஸில் சென்சாரே நேராக ஃபோகஸ் பார்ப்பதால் அந்தப் பிரச்சினை வராது.

எனவே ஃபுல் ஃபிரேமை மறந்துவிடுங்கள் மாடவீதி. அங்கே இந்த சிக்மாவின் பயனே போய்விடும். கேனான் ஆர்10 (உங்கள் சென்சார் அளவே உள்ள மிரர்லெஸ்), டிஎஸ்எல்ஆரின் இஎஃப் லென்ஸ் மாட்டும் அடாப்டர், பழைய சிக்மா 18-35. உங்கள் பணத்துக்குள் மூன்றும் அடங்க வழியுண்டு. அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் தடையில்லாமல் வேலை செய்யும், கிட் லென்ஸும் வீணாகாது.

திருவான்மியூர் அலை எழுதியது:

முதலில் சிக்மா மட்டும் வாங்கி, அதே 1500டி-யில் ஒரு சீசன் எடுக்கட்டும் என்பதே இன்னும் என் கட்சி. ஃபோகஸ் தவறுகிறதா என்று பார்த்த பிறகு பாடிக்குச் செலவு செய்யலாம்.

மந்தைவெளி ஃபிலிம் எழுதியது:

பழைய லென்ஸ் என்றால் ஒரு எச்சரிக்கை. சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், பூஞ்சை வராமல் இருக்காது. எனக்கு மூன்று லென்ஸ் போயிருக்கிறது, மூன்றும் தோல் பையில் வைத்து மூடியவை. வாங்கும்போது இரண்டு பக்க மூடியையும் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல இழை தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, கூடவே ஈரம் அளக்கும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்றும் வையுங்கள். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஏசி அறையிலிருந்து எடுத்து நேராகக் கடற்கரையில் திறக்காதீர்கள். கண்ணாடி வியர்த்துவிடும். பையோடு அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

மாடவீதி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஃபுல் ஃபிரேம் ஆசையை இப்போதைக்கு விட்டுவிட்டேன். வடபழனியில் ஒரு கடையில் ஆர்10-ம் சிக்மாவும் இரண்டு நாள் வாடகைக்குத் தருகிறார்கள், சனிக்கிழமை எடுக்கிறேன். ஞாயிறு விடியலில் காசிமேட்டில் ஒரே காட்சியை 1500டி-யிலும் ஆர்10-லும் அதே லென்ஸில் எடுத்து, திருத்தாத ரா ஃபைலோடு இங்கே போடுகிறேன். அலை சார் சொல்வதா, லோகோ மேடம் சொல்வதா என்று அதில் பார்த்துவிடலாம்.

மந்தைவெளி ஃபிலிம் எழுதியது:

ஐந்து மணிக்கு ஏலம் நடக்கும் பக்கம் நில்லுங்கள் தம்பி, நானும் வருகிறேன். டார்ச் கொண்டுவருகிறேன்.