மலைச்சரிவில் குளத்தைச் சுற்றிச் செயற்கைப் புல்: உங்கள் அனுபவம் என்ன?

ஏற்காட்டிலிருந்து:

எங்கள் வீட்டுப் பின்பக்கம் சரிவை வெட்டி, வெட்டின மண்ணை முன்னால் கொட்டி, கருங்கல் தடுப்புச் சுவர் எழுப்பி உண்டாக்கின சமதரை. அதில் 24க்கு 12 அடியில் ஒரு நீச்சல் குளம். சுற்றிலும் முதலில் நிஜப் புல்தான் இருந்தது. பிள்ளைகள் ஏறி இறங்கும் இடமெல்லாம் சேறானது. அதனால் போன வருடம் மே மாதம் செயற்கைப் புல் போட்டோம்.

வேலைக்கு வந்தவர்கள் கீழே சமவெளியில் மொட்டைமாடியிலும் விளையாட்டுத் திடலிலும் போட்டுப் பழகியவர்கள். மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, மேலே 2 அங்குலம் கிரஷர் தூள் (கல் உடைக்கும்போது வரும் பொடி) பரப்பி, 40 மில்லிமீட்டர் இழை உயரமுள்ள புல்லை விரித்து, குளத்தின் விளிம்புக் கல்லோடு சேர்த்துப் பசை வைத்து ஒட்டிவிட்டார்கள். இரண்டே நாளில் முடிந்தது. பார்க்க அவ்வளவு அழகு.

ஐப்பசியில் மூன்று ராத்திரி தொடர்ந்து மழை. நாலாம் நாள் காலையில் போய்க் கால் வைத்தால் தண்ணீர் மெத்தை மாதிரி அமுங்குகிறது. குளத்துத் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கிறது. ஒரு மூலையைப் பிய்த்துத் தூக்கிப் பார்த்தேன். தூள் பாதி இல்லை. விரல் கனத்துக்கு வாய்க்கால் வாய்க்காலாக அறுத்துக்கொண்டு போயிருந்தது. போன தூள் முழுக்கக் குளத்து ஃபில்டரில் கிடந்தது.

மேலே விழும் மழையால் வந்த வினை இல்லை இது. புல்லின் அடித்துணியில் ஓட்டை இருக்கிறது, அந்தத் தண்ணீர் தானாக இறங்கிவிடும். எங்களுக்கு மேலே இருக்கிற காப்பித் தோட்டம் குடித்த மழை, மண்ணுக்குள்ளேயே நடந்து வந்து, நாங்கள் வெட்டின இடத்தில் கசிந்து, புல்லுக்கு அடியில் புகுந்திருக்கிறது. மலையில் செயற்கைப் புல் போடுவது பாதிக்கு மேல் வடிகால் வேலை. இதை எனக்கு முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

தை மாதம் எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிட்டு மறுபடி செய்தோம். சரிவை வெட்டினதில் பின்னால் நிற்கும் மண்சுவரின் அடியில் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு பள்ளம். அதில் ஓட்டை போட்ட 4 அங்குல பிவிசி குழாய், சுற்றிலும் ஜல்லி, மொத்தத்தையும் மண் வடிகட்டும் துணியால் சுற்றினோம். குழாயின் ஓட்டை கீழ்ப்பார்வையாக இருக்க வேண்டும். எங்கள் கொத்தனார் முதலில் மேல்பார்வையாகப் பதித்துவிட்டார், எடுத்துத் திருப்பிப் போட்டோம். புல்லுக்கு அடியில் முதலில் மண் வடிகட்டும் துணி, மேலே 5 அங்குலம் ஜல்லி, அதற்கு மேல் சின்னக் கல் சிப்ஸ். 5 அடிக்கு 1 அங்குலம் வாட்டம், குளத்துக்கு எதிர்ப்பக்கமாக. டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பின குழாய்) வைத்து நானே கூட நின்று பார்த்தேன்.

அப்புறம் விளிம்பு. இந்தத் தடவை குளத்தோடு புல்லை ஒட்டவில்லை. நடுவில் ஒரு அடிக்குச் சொரசொரப்பான கல், அதை ஒட்டி மூடி போட்ட சின்ன வடிகால். குளித்துவிட்டு வருபவர்கள் மேலிருந்து சொட்டும் தண்ணீர் அங்கேயே போய்விடுகிறது. இழை நிமிர்ந்து நிற்கப் புல்லுக்குள் மணல் தூவுவார்கள், கல்லை ஒட்டின 2 அடியில் அதையும் தூவவில்லை. தூவினால் காலோடு வந்து ஃபில்டரைத்தான் அடைக்கும்.

ஒட்டு வேலை பனிமூட்டத்தில் வேண்டவே வேண்டாம். எங்கள் ஊரில் காலை ஒன்பது மணி வரைக்கும் தரையில் ஈரம் படிந்திருக்கும். ஈரத்தில் வைத்த பசை பொங்கும் பால் மாதிரி நுரைத்துப் பிடிப்பே இல்லாமல் போகிறது. பத்தரைக்கு மேல் வெயில் வந்து நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டினவைதான் இன்றைக்கும் அசையாமல் நிற்கின்றன.

குன்னூரிலிருந்து:

அண்ணா, நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. எங்கள் பக்கம் இன்னொரு சிக்கல். நீலகிரியில் ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நாங்கள் கடப்பாரை, மண்வெட்டியோடு ஆறு ஆட்களை வைத்துக் கையாலேயே வெட்டினோம். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்கள் நாங்கள். தடுப்புச் சுவரின் கசிவுத் துளைகளைப் புல்லாலோ சிமெண்டாலோ அடைத்துவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவருக்குப் பின்னால் தேங்கினால் சுவரே போய்விடும்.

ஃபில்டர் கழுவின குளோரின் தண்ணீரையும் புல்லுக்கு அடியில் விட்டால் அது கீழே இருக்கிற தேயிலைக்கும் ஓடைக்கும்தான் போகும். எங்களுடையதைத் தனித் தொட்டியில் ஒரு வாரம் நிறுத்தி வைக்கிறோம். பிய்ந்த புல் இழைகளும் அதே ஓடைக்குத்தான் போகின்றன. அதனால் வடிகால் வாயில் நைலான் வலை கட்டியிருக்கிறோம். மாதம் ஒரு முறை அவிழ்த்தால் ஒரு கைப்பிடி பச்சை இழை இருக்கும்.

கொடைக்கானலிலிருந்து:

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். எங்கள் குளத்துக்கு எதிரே இரட்டைக் கண்ணாடி ஜன்னல். மாசி மாத வெயில் அதில் பட்டுத் திரும்பி, புல்லில் ஒரு முழ நீளத்துக்கு உருகிக் கோடு போட்டுவிட்டது. சிகரெட்டோ நெருப்போ என்று ஆளாளுக்குச் சந்தேகப்பட்டோம். ஒரு நாள் மத்தியானம் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அந்த ஒளிக்கோடு அதே இடத்தில் ஊர்ந்தது. இப்போது ஜன்னலுக்கு வெளிப்பக்கம் வலைத்திரை. குளிரான ஊர்தானே என்று வெயிலைக் குறைவாக நினைக்காதீர்கள். 1000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது, இழை சீக்கிரம் வெளுத்து மொறுமொறுப்பாகிவிடுகிறது. வாங்கும்போதே புற ஊதாக் கதிரைத் தாங்கும் காலத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நிழல் பக்கத்தில் பாசி பிடிக்கிறது. அண்ணா, உங்களுக்கும் அப்படியா?

ஏற்காட்டிலிருந்து:

ஆமாம் அக்கா, சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும். அதன் இலை பூரான் கால் மாதிரிப் பிளந்து பிளந்து இருப்பதால் இழைக்குள் மாட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. வாரம் இரண்டு முறை கெட்டித் துடைப்பத்தால் இழை சாய்ந்திருக்கும் பக்கத்துக்கு எதிராகக் கூட்டுகிறோம். அதிலேயே பெரும்பாலும் போய்விடுகிறது.

இந்த வருட மழையில் புல் ஒரு இடத்திலும் உப்பவில்லை. மழை நின்று இரண்டு நாள் கழித்தும் அந்த பிவிசி குழாயின் வாயில் சுண்டுவிரல் கனத்துக்குத் தண்ணீர் வருகிறது. தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்று காலையில் ஒரு சொம்பில் பிடித்துப் பார்க்கிறேன். கலங்கினால் உள்ளே மண் போகிறது என்று அர்த்தம். இதுவரை தெளிவாகத்தான் வருகிறது.